மச்சத்தை அழித்தது யார்?

நம் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று ஒரு வரி உண்டு. ‘வலது கன்னத்தில் ஒரு மச்சம்’, ‘இடது முழங்கையில் ஒரு தழும்பு’ என்று எழுதியிருப்பார்கள். இந்தப் பெண் இவள்தான் என்பதற்கு அரசு ஏற்றுக்கொள்ளும் சாட்சி அந்த மச்சம். அதே பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கி, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தால், கணினித் திரையில் முதலில் காணாமல் போவதும் அதே மச்சம்தான். அடுத்து நிறம் இரண்டு படி ஏறும், கண்ணுக்குக் கீழே உள்ள கருமை போகும், தாடை சற்று ஒடுங்கும். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவள் கேட்டிருக்க மாட்டாள். கேட்காமலே செய்து தருவதுதான் நல்ல ஸ்டுடியோவுக்கு அடையாளம் என்று ஆகிவிட்டது.

எடுத்த படத்தை எவ்வளவு மாற்றலாம் என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ‘உள்ளது உள்ளபடி இருக்கட்டும், எதையும் தொடாதே’ என்பது ஒன்று. ‘எல்லோரும் எடிட் செய்கிறார்கள், இதில் நியாய அநியாயம் பார்க்க என்ன இருக்கிறது’ என்பது மற்றொன்று. இரண்டுமே ஒரு விஷயத்தைக் கேட்க மறந்துவிடுகின்றன. மாற்றுகிறவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு யோசிக்க எனக்கு ஒரு மலை உதவியாக இருக்கிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலை. அந்த மலையிலிருந்து வானத்தைப் படம் பிடிக்கிறார்கள். அந்த மலைக்குப் போய் மனிதர்களையும் படம் பிடிக்கிறார்கள். இரண்டு வகைப் படங்களும் திருத்தப்படுகின்றன. திருத்தும் ஒழுக்கம் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இல்லை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். டிஜிட்டல் புகைப்படத்தில் ‘தொடாத படம்’ என்று ஒன்று கிடையாது. கேமராவின் உள்ளே இருக்கும் சென்சாரில் கோடிக்கணக்கான நுண்ணிய புள்ளிகள் இருக்கின்றன. ஒளி எவ்வளவு விழுந்தது என்பதை மட்டும்தான் அவை அளக்கும், நிறம் அவற்றுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதாவது ஒரு நிறத்தில் ஒரு சில்லுக் கண்ணாடியை வைப்பதுபோல ஒரு வடிகட்டியை வைத்தார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். ஆக ஒவ்வொரு புள்ளியும் மூன்றில் ஒரு நிறத்தைத்தான் நேராகப் பார்க்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா கணக்குப் போட்டு நிரப்புகிறது. நாம் பார்க்கும் வண்ணப் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி ஊகித்து நிரப்பியது.

கைபேசி இன்னும் மேலே போகிறது. நாம் ஒரு முறை தொட்டால் அது பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, இருளை ஏற்றி, வெளிச்சத்தை இறக்கி, சில நேரம் நம்மைக் கேட்காமலே தோலையும் மழமழவென்று ஆக்கிக் கொடுக்கிறது. ஃபிலிம் காலமும் இதற்கு விலக்கில்லை. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் ‘டச்சிங்’ செய்து பருக்களையும் சுருக்கங்களையும் மறைத்தவர்கள் நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள்.

எல்லாப் படமும் திருத்திய படம்தான் என்றால், எல்லாத் திருத்தமும் ஒன்றுதானா? இதற்குக் காவலூர் நல்ல பதில் வைத்திருக்கிறது.

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால், சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வரும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதற்கு இந்த ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரையே வைத்தார்கள்.

வானியலாளர்கள் டிஜிட்டல் கருவியில் எடுக்கும் படங்களை அப்படியே நம்புவதில்லை. நட்சத்திரத்தைப் படமெடுப்பதோடு, தங்கள் கருவியின் குறைகளையும் தனியே படமெடுக்கிறார்கள். ஒளியே படாமல் நொடி நேரம்கூட இல்லாத ஒரு படம் எடுப்பார்கள். கருவி சும்மா இருக்கும்போதே எவ்வளவு ‘சத்தம்’ போடுகிறது என்று அதில் தெரியும். பிறகு மூடியைத் திறக்காமலே நீண்ட நேரப் படம் ஒன்று. சூட்டினால் கருவி தானாக உண்டாக்கும் பொய் ஒளி அதில் பதியும். மூன்றாவதாக, அந்தி வானத்தையோ சீராக வெளிச்சம் போட்ட வெள்ளைத் திரையையோ எடுப்பார்கள். ஒரே சீரான வெளிச்சம் என்பதால் அதில் தெரியும் ஒவ்வொரு கறையும் கருவியுடையது. கண்ணாடியில் ஒட்டிய தூசி, ஓரத்தில் மங்கும் ஒளி, மந்தமான புள்ளிகள் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். முதல் இரண்டைக் கழித்து, மூன்றாவதால் வகுத்த பிறகுதான் வானத்தின் படம் கிடைக்கும். முதலில் எடுத்த மூலக் கோப்பு அழியாமல் இருக்கும். என்னென்ன செய்தோம் என்ற குறிப்பும் இருக்கும். வேறொருவர் அதே மூலத்திலிருந்து தொடங்கி, முந்தையவர் செய்தது சரியா என்று பார்க்க முடியும்.

1988 பிப்ரவரியில் காவலூரில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. சிறுகோளைத் தேடுவது பொறுமையான வேலை. வானத்தின் ஒரே பகுதியை வேறு வேறு நேரத்தில் எடுத்த படங்களில் எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். படத்தில் புள்ளி எத்தனையோ இருக்கும். சில தூசியாக இருக்கும், சில உண்மையில் வானத்தில் இருப்பவை. எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு அங்கே ஒரே அளவுகோல்தான்: அந்தப் புள்ளி கருவியுடையதா, வானத்துடையதா?

பெண்ணின் கன்னத்து மச்சத்துக்கு வருவோம். அது கேமராவின் தூசி இல்லை, அவளுடையது. ஆனால் நம் ஊரில் திருத்தம் என்றாலே கருவியை விட்டுவிட்டு ஆளைச் சரிசெய்வது என்றுதான் பழகியிருக்கிறோம்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வண்ண ஃபிலிம் பரவிய காலத்தில், படம் கழுவும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டையை வைத்திருந்தன. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். கோடாக்கில் வேலை பார்த்த ஷெர்லி என்ற பெண்ணின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்றே சொன்னார்கள். அவள் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. அந்த இயந்திரத்தில் கறுத்த தோல் புகைபோல வந்தாலும், கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தாலும், அது இயந்திரத்தின் குறையாகக் கணக்கில் சேரவில்லை. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் இதை விரிவாக ஆராய்ந்து 2009இல் எழுதினார். ஃபிலிம் கரும்பழுப்பு நிறங்களைச் சரியாகக் காட்டவில்லை என்று புகார் செய்தவர்களில் சாக்லேட் நிறுவனங்களும் மர நாற்காலி மேசை விற்றவர்களும் இருந்தார்கள் என்று அவர் பதிவு செய்கிறார். கறுத்த மனிதர்களுக்காகச் செய்யத் தோன்றாத திருத்தம் சாக்லேட்டுக்கும் நாற்காலிக்கும் தேவைப்பட்டது.

இன்றைய கேமராவிலும் இதன் மிச்சம் இருக்கிறது. எதிரே உள்ள காட்சி மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டுதான் அது வெளிச்சத்தைக் கணக்கிடும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுத்த பெண் ஒருத்தி நின்றால், சுவரின் வெளிச்சத்தைக் குறைக்கப் போய் அவள் முகத்தை இருட்டாக்கிவிடும். படம் எடுக்கத் தெரிந்தவர் அவள் முகத்தை வைத்து வெளிச்சத்தை அளப்பார். கூட்ட வேண்டியதைக் கூட்டுவார். ஒரு வெள்ளை வேட்டியைப் பக்கத்தில் பிடித்து ஒளியைத் திருப்பிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகு, இருண்டுபோன இடத்தை அவள் நேரில் எப்படி இருந்தாளோ அந்த அளவுக்கு உயர்த்துவார். இது காவலூர்க்காரர்கள் செய்வதைப் போன்ற திருத்தம்தான். கேமரா செய்த தவறைக் கேமராவின் கணக்கில் எழுதுகிறது.

ஸ்டுடியோக்காரர் செய்வதோ வேறு. கேமரா அவளை இருட்டாக்கியதை ‘பொண்ணு கொஞ்சம் கறுப்பு’ என்று அவள் கணக்கில் எழுதிவிட்டு, அவளைச் ‘சிவப்பாக’ ஆக்கித் தருகிறார். வெளுப்பைச் சிவப்பு என்று சொல்லும் மொழி நம்முடையது. ‘பொண்ணு நல்ல கலரா?’ என்று கேட்டால் எந்தக் கலர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 1975இல் இங்கே விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி களிம்பு, ‘ஃபேர்’ என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுக்க 2020 வரை ஆனது. அதற்கு முன்பே 2009இல் சென்னையிலிருந்து ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கத்தைப் பெண்கள் தொடங்கியிருந்தார்கள். களிம்பு பல வாரங்களில் செய்வதாகச் சொன்னதைக் கணினி நொடியில் செய்கிறது. அந்தப் படத்தை நம்பி வந்தவர்கள் நேரில் பார்த்துவிட்டு, ‘போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே’ என்று சொன்னால், அந்த அவமானம் ஸ்டுடியோவுக்குப் போகாது. கூடத்தில் காபி டம்ளரோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்குத்தான் போகும்.

படத்தைத் திருத்தும் தொழில்நுட்பத்தின் பிறப்பிலேயே பெண்ணின் உடல் இருக்கிறது. 1973இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிலர் தங்கள் கணினி ஆய்வுக்கு ஒரு மாதிரிப் படம் தேடினார்கள். கையில் கிடைத்த ‘பிளேபாய்’ இதழின் நடுப்பக்கத்திலிருந்து லீனா என்ற பெண்ணின் முகத்தையும் தோளையும் மட்டும் ஸ்கேன் செய்துகொண்டார்கள். அதன் பிறகு உலகமெங்கும் பொறியியல் மாணவர்கள் அந்தப் படத்தைச் சுருக்கியும் மங்கலாக்கியும் கூர்மையாக்கியும்தான் பட ஆய்வைக் கற்றார்கள். தன் படம் இப்படிப் பயன்படுவதற்கு அவரிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவில்லை. 2019இல் ஓர் ஆவணப்படத்தில், தான் மாடல் தொழிலிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டதாகவும் தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வு பெற வேண்டிய நேரம் இது என்றும் அவர் சொன்னார். ஐ.இ.இ.இ. கணினிச் சங்கம் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதை நிறுத்தியது 2024 ஏப்ரலில்தான்.

போட்டோஷாப்பின் கதையும் இதற்குத் தூரமில்லை. அதை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான ஜான் நால், செயலியை மற்றவர்களுக்குச் செய்துகாட்டப் பயன்படுத்திய படம் 1987இல் போரா போரா கடற்கரையில் அவர் எடுத்தது. அவருடைய காதலி மேலாடையின்றி முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் படம். அவளை நகலெடுத்துப் பக்கத்தில் இன்னொருத்தியாக உட்கார வைக்கலாம் என்பது அந்தச் செயல்விளக்கத்தின் வித்தைகளில் ஒன்று. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. மாற்றிப் பார்ப்பதற்கு ஒரு பொருள் வேண்டும் என்றபோது அவர்கள் கைக்கு எது இயல்பாக வந்தது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

காவலூரை விட்டு ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வருவோம். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகள் அல்லர், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். சாமை விளைவிக்கிறார்கள், தேனும் புளியும் மலையிலிருந்து இறங்குகின்றன. கோடை விழா, பீமன் நீர்வீழ்ச்சி, படகுத்துறை என்று சுற்றுலாவுக்கு வருபவர்களோடு கேமராக்களும் வருகின்றன. மலைக்கு வருகிற கேமராவுக்கு விருப்பமான காட்சிகள் நமக்குத் தெரிந்தவைதான். பனி மூடிய வளைவு, அருவி, தலையில் விறகுக் கட்டோடு நடக்கும் பெண், வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி.

அந்தப் பாட்டியின் படத்துக்கு நடக்கும் திருத்தத்தைப் பாருங்கள். மணப்பெண்ணுக்கு நடந்ததற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கும். ‘கிளாரிட்டி’ என்ற ஸ்லைடரை வலது பக்கம் இழுத்தால் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் உழவுச்சால்போல ஆழமாகும். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கினால், அவள் கட்டியிருக்கும் நல்ல ஊதாப் புடவை கந்தலைப்போலச் சாம்பலாகும். ஓரங்களை இருட்டாக்கினால் அவள் தனியாகிவிடுவாள். பின்னால் தெரியும் டிஷ் ஆண்டெனாவையும் மோட்டார் சைக்கிளையும் வெட்டிவிட்டால் அவள் காலம் நூறு ஆண்டு பின்னால் போகும். போட்டிக்கு அனுப்பும்போது ‘பழங்குடி மூதாட்டி’ என்று தலைப்பு கொடுத்தால் போதும்.

சமவெளியில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை வெளுப்பாக்கி இளமையாக்கும் அதே கை, மலையில் இருக்கும் பெண்ணை இருட்டாக்கி முதுமையாக்குகிறது. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் வேலை ஒன்றுதான். பார்ப்பவருக்கு எப்படிப்பட்ட பெண் தேவையோ அப்படிப்பட்டவளைச் செய்து கொடுக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு மாசில்லாத பெண் வேண்டும். நகரத்துப் பார்வையாளருக்கு வறுமையும் பழமையும் நிறைந்த பழங்குடிப் பெண் வேண்டும். படத்தில் இருப்பவளுக்கு என்ன வேண்டும் என்பது எந்த ஸ்லைடரிலும் இல்லை.

மலைப் பெண்ணை இப்படிப் பார்க்கும் பார்வை கைபேசியோடு வந்ததில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் உதவியோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மலையாளிகள் பற்றிய பதிவும் அவற்றில் உண்டு. மூக்கையும் மண்டையையும் அளந்த காலம் அது. படத்தில் நிற்பவர் ஓர் இனத்தின் மாதிரி, அவருக்குத் தனியாக ஒரு பெயர் தேவையில்லை. கலைஞர் புஷ்பமாலா இந்தப் பார்வையைத் திருப்பிப் பிடித்தார். கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை அவர் செய்த ‘தென்னிந்தியாவின் பூர்வீகப் பெண்கள்’ என்ற படத்தொடரில், காலனியப் புகைப்படங்களிலும் நாட்காட்டிகளிலும் சினிமாவிலும் வந்த பெண்ணாகத் தானே வேடமிட்டு நின்றார். ‘மாதிரி’யாக நிறுத்தப்பட்ட பெண்ணின் இடத்தில் படத்தை உருவாக்குகிறவளே நிற்கும்போது, அந்தப் பழைய படங்கள் எவ்வளவு ஜோடித்தவை என்பது தெரிகிறது.

‘இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்டது, இதற்கு இவ்வளவு பேச வேண்டுமா’ என்று கேட்கலாம். படத்தின் மேல் உள்ள நம்பிக்கை உயிர்ப் பிரச்சினையாக ஆகும் நேரங்கள் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரக் காவல்துறை. இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர், ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். அன்று வெளியான படங்களில் உடல்களின் பக்கத்தில் கிடந்த கட்டைகளில் பழைய பெயிண்ட் குறிகள் இருப்பதை மனித உரிமைச் செயல்பாட்டாளர்கள் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பினார்கள். கணவனை இழந்த ஒரு பெண் நீதிமன்றம் போனார். ஆறு உடல்களுக்கு மறு பிரேதப் பரிசோதனை நடந்தது.

கட்டையின் மேல் ஒரு கோடு பெயிண்ட். படத்தை அழகாக்குகிறவர் கண்ணுக்கு அது கவனத்தைச் சிதறடிக்கும் கறை. கணவனை இழந்தவளுக்கோ அது கேள்வி கேட்பதற்குக் கிடைத்த ஒரு பிடி. வானத்துப் புள்ளியைக் காப்பாற்றிய ஒழுக்கம் இங்கே எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தப் படத்தையும் எப்படியும் மாற்றலாம் என்பது ஊரறிந்த விஷயமாகும்போது, அதிகாரத்தில் இருப்பவர் உண்மையான படத்தையும் ‘இது எடிட் பண்ணினது’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். படத்தைத் தவிர வேறு சாட்சி இல்லாதவர்களுக்குத்தான் அதில் நஷ்டம்.

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிவோம். 2016இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி இணையத்தில் போட்டார்கள். அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்தச் செய்தி வந்த பிறகு எத்தனையோ வீடுகளில் பெண்களிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான்: ‘நீ எதுக்கு உன் போட்டோவைப் போடுற?’ திருத்தியவன் செய்த குற்றத்துக்குத் திருத்தப்பட்டவள் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். வரன் படத்தில் ஸ்டுடியோவின் வேலைக்குப் பெண் பதில் சொன்னாள் என்றால், இங்கே குற்றவாளியின் வேலைக்கும் அவளே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் படத்தைத் தொடாமல் விடுவதுதான் பெண்களுக்குப் பாதுகாப்பா? அப்படியும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அங்கே முகத்தை மங்கலாக்குவது கடமை. வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வேறு ஊரில் வேலை பார்க்கும் பெண்ணின் படத்தில் பின்னால் தெரியும் கடையின் பெயரை அழிப்பது அவளைக் காப்பாற்றும். இந்தத் திருத்தங்கள் உண்மையை மறைக்கின்றன, ஆனாலும் நியாயமானவை. ஏனென்றால் அவை படத்தில் இருப்பவருக்காக, அவர் பக்கத்தில் நின்று செய்யப்படுகின்றன.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் இருக்கிறது. ‘நானே ஃபில்டர் போடுகிறேன், என் முகத்தை நானே வெளுப்பாக்குகிறேன், உங்களுக்கு என்ன?’ கல்லூரி மாணவிகள் கேட்கும் நியாயமான கேள்வி. பெண்கள் கண்ணாடி பார்த்தால் குற்றம், பொட்டு வைத்தால் குற்றம், செல்ஃபி எடுத்தால் குற்றம் என்று சொல்பவர்களின் பட்டியலில் இந்தக் கட்டுரையும் சேர வேண்டாம். தன் முகத்தைத் தானே மாற்றி விளையாடுகிறவளுக்கும், அவளைக் கேட்காமல் மாற்றுகிற ஸ்டுடியோவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. முதலாமவளுக்கு மூலப்படம் தெரியும், வேண்டாம் என்றால் திரும்ப வரலாம். ஸ்லைடர் அவள் கையில் இருக்கிறது.

ஆனால் அவள் கையில் கொடுக்கப்பட்ட ஸ்லைடர் எந்தப் பக்கம் மட்டும் நகர்கிறது என்று கேட்கலாம். ‘பியூட்டி’ என்று பெயர் போட்ட பொத்தானை அழுத்தினால் மூக்கு அகலமாவதில்லை, நிறம் கறுப்பதில்லை, உதடு தடிப்பதில்லை. இந்த மலையில், இந்த ஊரில் பிறந்த பெண்களின் முகம் எந்த ஃபில்டருக்கும் இலக்காக இல்லை. பல தெருக்கள் இருப்பதுபோலத் தோன்றும் ஊரில் எல்லாத் தெருவும் ஒரே வீட்டு வாசலில் போய் முடிந்தால், அங்கே நடப்பதை முழுச் சுதந்திரம் என்று சொல்லத் தயங்குகிறேன். அவளைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை. கேட்க வேண்டியது பொத்தானைச் செய்தவர்களை.

சில நாடுகள் சட்டத்தின் வழியாகக் கேட்டுப் பார்த்தன. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று எழுத வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் அது உருவத்தின் அளவைத்தான் பார்க்கிறது. இடுப்பைக் குறுக்கினால் எழுத வேண்டும், நிறத்தை வெளுத்தால் எழுத வேண்டியதில்லை. நம் ஊருக்கு ஒரு விதி வேண்டுமென்றால் அதை நம் காயத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், இங்கே முதலில் வருவது நிறம். அதோடு, அடையாளச் சீட்டு ஒட்டினால் பார்ப்பவர் ஏமாறாமல் இருப்பார், அவ்வளவுதான். படத்தில் இருப்பவளுக்கு அதனால் ஒரு உரிமையும் கிடைப்பதில்லை.

காவலூரின் ஒழுக்கமும் இந்த இடத்தில் போதாமல் போகிறது. கருவியின் குறையைத் திருத்து, மூலத்தை வைத்திரு, செய்ததை எழுதி வை என்ற மூன்றும் நட்சத்திரத்துக்குப் போதும். நட்சத்திரத்திடம் அனுமதி கேட்க வழியில்லை. விண்வெளிப் படங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குச் சிவப்பும் நீலமும் கொடுக்கிறார்கள், எந்த நெபுலாவும் அதனால் ஊரில் தலைகுனிவதில்லை. பெண் வேறு. அவள் எதிரிலேயே நிற்கிறாள். அவளைக் கேட்கலாம். கேட்க முடிந்தும் கேட்காமல் விடுவதுதான் இதில் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

கேமரா எடுத்துக்கொண்டு மலைக்கும் கிராமத்துக்கும் போகும் மாணவிகள் இதை நடைமுறையில் செய்யலாம். எடுத்த படத்தைத் திரையில் அவரிடம் காட்டுங்கள். ‘இது வேண்டாம் கண்ணு’ என்று அவர் சொன்னால் அங்கேயே அழித்துவிடுங்கள். மூலக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது, இது கேமராவின் குறையா, அந்த அம்மாவின் முகமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் திருத்திய படத்தை அச்சிட்டு அவருக்கு அனுப்புங்கள். அவர் வீட்டுச் சுவரில் மாட்ட விரும்பாத படத்தைக் கண்காட்சிச் சுவரில் மாட்டலாமா என்று அப்போது தெரிந்துவிடும்.

படத்தின் கீழே எழுதும் வரியும் ஒரு திருத்தம்தான், கடைசியாகச் செய்யும் திருத்தம். ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த ஓரிரு நாட்களில் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வான செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. மலையாளிப் பழங்குடியிலிருந்து வந்த அந்த இளம்பெண்ணின் படம் தமிழ்நாடு முழுவதும் பரவியது. அந்தப் படங்களின் கீழே அவர் பெயரும் ஊரும் படிப்பும் இருந்தன. ‘பழங்குடிப் பெண்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர யாராலும் முடியவில்லை. நீதிபதி ஆனவருக்குக் கிடைத்த அந்த மரியாதை, சாமைக் கதிர் அறுக்கும் பெண்ணுக்கும் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் கிடைக்கத் தேர்வு எதுவும் எழுத வேண்டியதில்லை. ‘உங்க பேரு என்னம்மா, போடலாமா?’ என்று கேட்டால் போதும். போட வேண்டாம் என்று அவர் சொன்னால், அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.